லாரி ஓட்டப் போகிறவர் முதலில் போட வேண்டிய கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 24 வயது. பெங்களூரு தாசரஹள்ளியில் பெற்றோருடன் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சிறிய சரக்கு வண்டி ஓட்டிக் கடைகளுக்குச் சாமான் இறக்கி வந்தேன். இப்போது கனரக வாகன உரிமம் கிடைத்துவிட்டது. என் முன் மூன்று வேலைகள் இருக்கின்றன. முதலாவது, நெலமங்களாவில் கிடங்கு வைத்திருக்கும் ஒரு பார்சல் நிறுவனம். இரவில் சென்னைக்குப் போய் மறுநாள் இரவு திரும்ப வேண்டும். மாதச் சம்பளம் 19,500 ரூபாய், நாள் படி 300 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டு. இரண்டாவது, பத்துச் சக்கர லாரி ஒன்றின் உரிமையாளர் பீன்யாவிலிருந்து மும்பைக்கு ஓட்டச் சொல்கிறார். வாடகையில் 12 சதவீதம் என் பங்கு, மாதம் 40,000 நிச்சயம் என்கிறார். டீசலும் சுங்கமும் அவருடைய செலவு. ஆனால் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்து, குறைந்தால் என் பங்கில் பிடிப்பாராம். மிச்சமானால் எனக்கே தருவாராம். மூன்றாவது, ஊருக்கு வெளியே ஜல்லி ஏற்றும் டிப்பர். நடைக்கு 500 ரூபாய். வீட்டில் எல்லோரும் 40,000 ரூபாய் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், தாசரஹள்ளி

பதில்: அன்புள்ள தம்பி, நான் கிளீனராக ஏறி, 22 ஆண்டுகள் ஸ்டீயரிங் பிடித்து, முதுகுவலி வந்தபின் கீழே இறங்கி, இப்போது யஷ்வந்த்பூர் பக்கம் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவன். ஓட்டுநரின் நோட்டையும் உரிமையாளரின் பேரேட்டையும் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் சம்பளத் தொகைகள் எல்லாம் தெளிவாக இருக்கின்றன. ஆனால் வண்டி நிற்கும்போது உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. லாரித் தொழிலில் ஓட்டுநரின் வருமானத்தைத் தீர்மானிப்பது வண்டி ஓடுகிற நேரத்தைவிட அது நிற்கிற நேரம்தான். எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

அந்த 40,000 ரூபாயை உரிமையாளர் எப்படிக் கணக்கிட்டிருப்பார் என்று ஊகிப்பது கடினமன்று. பெங்களூரு–மும்பை வாடகை 55,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 12 சதவீதம் 6,600 ரூபாய்; மாதத்தில் போக மூன்று, வர மூன்று என்று ஆறு நடை ஓட்டினால் 39,600 ரூபாய். கணக்கில் தவறு இல்லை. தவறு அந்த ஆறு நடையில் இருக்கிறது. பெங்களூருவிலிருந்து மும்பை ஏறக்குறைய 980 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர வண்டி, நகர நெரிசலையும் மலைச் சரிவுகளையும் சுங்கச்சாவடிகளையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர் போனாலே நல்ல ஓட்டம் என்பது என் அனுபவம். அப்படியானால் ஒரு வழிக்கு மட்டும் 24 மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங்கில் உட்கார வேண்டும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் மூன்று நாள். சரக்கு ஏற்ற ஒரு நாள், இறக்க ஒரு நாள், திரும்பும் லோடுக்காகக் காத்திருக்க இரண்டு நாள், திரும்பி வர மூன்று நாள் என்று கூட்டினால் பத்து நாளுக்கு ஒரு சுற்று முடியும். மாதம் மூன்று சுற்று வேண்டுமென்றால் 30 நாளும் நீங்கள் வண்டியில்தான் இருக்க வேண்டும். ஒரு நாள் மழையில் நின்றாலும், ஒரு டயர் வெடித்தாலும் மூன்றாவது சுற்று அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

திரும்பும் லோடுக்குப் போகும்போது கிடைத்த அதே வாடகை கிடைப்பது அரிது. அதை 40,000 என்று வைத்தால் அதில் உங்கள் பங்கு 4,800. ஆக ஒரு சுற்றுக்கு 11,400 ரூபாய், மூன்று சுற்றுக்கு 34,200 ரூபாய். இந்த ஏற்பாட்டில் படி கிடையாது என்பதை உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியானால் சாப்பாடு, குளியல், தேநீர் எல்லாம் உங்கள் பையிலிருந்தே போகும். சிக்கனமாக இருந்தாலும் நாளுக்கு 400 ரூபாய் வீதம் 12,000 கழியும். ஏற்றுமிடத்திலும் இறக்குமிடத்திலும் கேட்கும் சில்லறை மாமூல், தார்ப்பாய் கட்ட வருபவருக்குக் கூலி என்று நடைக்கு 500 ரூபாய் வைத்தால் மேலும் 3,000 போகும். மிஞ்சுவது 19,200 ரூபாய். எல்லாம் நல்லபடியாக நடந்த மாதத்தின் கணக்கு இது. இரண்டு சுற்றே முடிந்த மாதத்தில் 22,800 ரூபாய் வந்து, அதே 12,000 சாப்பாட்டுக்கும் 2,000 மாமூலுக்கும் போய், வீட்டுக்கு 8,800 ரூபாய்தான் வரும்.

இந்தப் பக்கம் பார்சல் நிறுவனத்தின் 19,500 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால் பி.எஃப். 12 சதவீதம் 1,800 ரூபாய், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் சுமார் 147 ரூபாய். கையில் 17,550 ரூபாய் வரும். நாள் படி சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் கட்டும் 1,800 ரூபாய்க்கு ஈடாக நிறுவனமும் 1,800 ரூபாய் கட்டியாக வேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியக் கணக்குக்குப் போகும். எதுவாயினும் அது உங்கள் பணமே. கையில் வரும் தொகையோடு இந்த இரண்டு 1,800 ரூபாயையும் சேர்த்து, வாரம் ஒரு நாள் விடுப்புப் போக 26 நாளுக்கு வகுத்தால், நாளுக்குச் சுமார் 813 ரூபாய் வருகிறது. மும்பை வேலையில் நல்ல மாதத்து 19,200 ரூபாயை 30 நாளுக்கு வகுத்தால் 640 ரூபாய். வீட்டார் பெரியது என்று நினைக்கிற வேலைதான் நாள் கணக்கில் சிறியதாக நிற்கிறது. இந்தத் தாளை அப்படியே அவர்கள் முன் வைத்துக் கூட்டிக் காட்டுங்கள்.

காத்திருப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஓட்டத் தொடங்கிய முதல் ஆண்டில், மும்பைக்கு அருகே பிவண்டியில் ஒரு கிடங்கு வாசலில் நான்கு நாள் நின்றேன். இடைவிடாத மழை, உள்ளே இடம் இல்லை என்று இறக்க மறுத்துவிட்டார்கள். கேபினுக்குள் ஈரத் துணிகளை ஸ்டீயரிங்கின் மேல் காயப்போட்டுவிட்டு, இடுப்பை நீட்ட முடியாமல் இருக்கையில் குறுக்காகப் படுத்திருப்பேன். கையிலிருந்த காசு இரண்டாம் நாளே தீர்ந்துபோயிற்று. ஊர் திரும்பியதும் அந்த நான்கு நாளுக்கு உரிமையாளர் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. “வண்டி ஓடவில்லையே” என்றார். நானும் அதை நியாயம் என்றே நம்பினேன். பல ஆண்டுகள் கழித்துக் கணக்கெழுத உட்கார்ந்த பிறகுதான், பேரேட்டில் ‘ஹால்டிங்’ என்று தனியாக ஒரு பத்தி இருப்பதையும், குறித்த நேரத்துக்குள் சரக்கை இறக்காவிட்டால் சரக்கின் சொந்தக்காரரிடமிருந்து நாளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வழக்கம் இருப்பதையும் கண்ணால் கண்டேன். லாரி நின்றதற்கு லாரிக்குப் பணம் வந்தது. லாரியோடு சேர்ந்து நின்ற மனிதனுக்கு வரவில்லை. அந்தப் பத்தியில் எண்களை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த ஈரத் துணியின் வாடை நினைவுக்கு வருகிறது. ஆகவே சதவீதத்துக்கு ஓட்டச் சொல்லும் எவரிடமும், ஹால்டிங் வந்தால் அதில் என் பங்கு என்ன, வராவிட்டாலும் நிற்கும் நாளுக்குப் படி உண்டா என்ற இரண்டு கேள்விகளையும் வண்டிச் சாவியைத் தொடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது அந்த டீசல் கணக்கு. கேட்பதற்குச் சின்ன நிபந்தனை போலத்தான் இருக்கும். என் பார்வையில் உங்கள் கடிதத்திலேயே மிகவும் அபாயமான வரி அதுதான். ஓட்டுநருக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறார்களோ அதற்கேற்றபடிதான் அவர் கையும் காலும் பழகும். மிச்சமாகும் டீசலுக்குப் பணம் என்றால், நல்ல மனிதர்கூடச் சரிவு வந்ததும் வண்டியை நியூட்ரலுக்குத் தள்ளுவார். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் இப்படி ஒருமுறை நான் உயிர் பிழைத்தேன். அப்போது கிளீனராக இருந்தேன். வண்டி ஓட்டிய அண்ணன் அனுபவசாலிதான். ஆனால் அந்த மாதம் அவருக்கு டீசல் பிடித்தம் விழுந்திருந்தது. சரிவின் தலைப்பிலேயே நியூட்ரல் போட்டார். கீர் பிடியில் இருக்கும்வரை இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நியூட்ரலில் அந்தப் பிடி போய்விடும், முழுப் பாரத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் கருகிய லைனிங் வாடை கேபினுக்குள் ஏறிவிட்டது. அவர் மிதித்து மிதித்து விட, பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. பின் சக்கரத்திலிருந்து வெண்புகை கிளம்புவதைப் பக்கக் கண்ணாடியில் நான்தான் முதலில் பார்த்தேன். கீர் திரும்ப விழவில்லை. சாலையோரம் குவித்திருந்த மண்ணில் அவர் வண்டியை ஏற்றி நிறுத்தியதால்தான் இன்று இதை எழுதுகிறேன். நீங்கள் போக நினைக்கும் பாதையிலும் இத்தகைய இடங்கள் உண்டு. கம்பாட்கி மலைப்பாதை இருக்கிறது, கண்டாலா இருக்கிறது, புணேயின் ஓரத்தில் நவலே பாலத்துக்கு இறங்கும் சரிவு இருக்கிறது. 2022 நவம்பரில் அந்தப் பாலத்தருகே ஒரு லாரி பல வாகனங்களை வரிசையாக இடித்துத் தள்ளியது; டீசலை மிச்சப்படுத்த ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சரிவில் ஓடவிட்டார் என்றே அப்போது காவல்துறை தரப்பில் கூறப்பட்டது. ஆகவே மும்பை உரிமையாளரிடம் நீங்கள் எதை விட்டுக்கொடுத்தாலும் டீசல் பிடித்தத்தை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

டிப்பர் வேலையை நான் அதிகம் ஆராயப் போவதில்லை, வேண்டாம். நடைக்கு 500 ரூபாய் என்றால் எத்தனை நடை அடிக்கலாம் என்பதிலேயே மனம் நிற்கும். ஏற்றுகிறவர்களும் அளவுக்கு மேல் கொட்டுவார்கள். 2018இல் உயர்த்தப்பட்ட வரம்பின்படி மூன்று அச்சுள்ள வண்டி, தன் எடையையும் சேர்த்து 28.5 டன் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. சட்டம் ஏற்றச் சொன்னவரை மட்டும் கேட்பதில்லை, ஓட்டியவரையும் கேட்கும். எடைமேடையில் மாட்டும்போது வண்டியில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

அப்படியானால் பார்சல் நிறுவனமா என்று கேட்டால், ஆம், முதல் இரண்டு ஆண்டுக்கு அதுவே என் பரிந்துரை. ஆனால் அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். நெலமங்களாவிலிருந்து, பெங்களூருவைச் சுற்றிப் போகும் நைஸ் சாலையைப் பிடித்து, அத்திப்பள்ளி, ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியே சென்னை போய்ச் சேர 350 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மணிக்கு 45 வீதம் போனாலும் 8 மணி நேரத்துக்குக் குறையாது. அதற்கு முன் கிடங்கில் சரக்கு ஏற்றி முடிக்கக் காத்திருக்கும் நேரம் வேறு. போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு ஊதியம் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்தை எடுத்துக்கொண்டாலும், நாளுக்கு 8 மணி நேரம் என்பதும் இரு மடங்கு ஊதியம் என்பதும் அதிலும் தொடர்கின்றன. ஓரிரு லாரி வைத்திருப்பவர் இந்தச் சட்ட வரம்புக்குள் வரமாட்டார். கிடங்கும் பல வண்டிகளும் வைத்திருக்கும் நிறுவனம் வரும். ஆகவே 8 மணி நேரத்துக்கு மேற்பட்ட நேரத்தை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று மரியாதையாகவும் நேராகவும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அதையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது பகலில் நீங்கள் எங்கே தூங்குவீர்கள் என்பது. இரவு முழுவதும் ஓட்டிவிட்டு, சென்னை மாதவரத்தில் வண்டியை நிறுத்தி, மே மாத வெயிலில் தகரக் கேபினுக்குள் படுத்தால் அது தூக்கமாகாது. மறுநாள் விடியற்காலை 2 மணிக்கும் 5 மணிக்கும் இடையில், ஆம்பூரோ வாணியம்பாடியோ தாண்டும் போது, அந்தத் தூங்காத பகல் உங்கள் இமையில் வந்து உட்காரும். கிடங்கில் மின்விசிறியுடன் படுக்க இடம், குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள்; முடிந்தால் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். உங்களுக்குத் தரப்போகும் வண்டி எந்த ஆண்டினுடையது என்றும் கேளுங்கள். 2025ஆம் ஆண்டில் தொடங்கி, புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளில் ஏ.சி. கேபின் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பழைய வண்டியாக இருந்தால் அது கிடையாது என்றே கொள்ளுங்கள்.

வேலைக்குச் சேரும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நெலமங்களா கிடங்குக்கு விடியற்காலை போங்கள். வண்டி வந்து நின்றதும் ஓட்டுநர்கள் தேநீர் குடிக்க வெளியே வருவார்கள். மேலாளர் இல்லாத இடத்தில் அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: சம்பளம் எந்தத் தேதியில் வருகிறது, சரக்குப் பெட்டி குறைந்தாலோ நசுங்கினாலோ யார் பணத்தில் பிடிக்கிறார்கள், உங்களுக்கு முன் இந்த வண்டியை ஓட்டியவர் ஏன் போனார். கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள், முகத்தையும் பாருங்கள். பிறகு டயரையும் பாருங்கள். டயருக்குச் செலவு செய்ய யோசிக்கும் முதலாளி எல்லாவற்றுக்கும் யோசிப்பார்.

சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், ஏற்ற இறக்க நின்ற நேரம், கைச்செலவு, வாங்கிய முன்பணம் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே எழுதுங்கள். மாதக் கடைசியில் எழுதும் நோட்டை எவரும் நம்பமாட்டார்கள். எழுதியவருக்கே நம்பிக்கை இருக்காது. சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லின் காலக்கெடுவையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் கணக்கு. வழியில் தாமதமானால் கெடு முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து, முடிந்தபின் 8 மணி நேரம் வரை அதை நீட்டித்துக்கொள்ள முடியும். “பில் முடியப்போகிறது, தூங்காமல் வா” என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால், நீட்டித்து அனுப்புங்கள் என்று சொல்ல உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு கழித்து, மலைப்பாதையும் இரவும் பழகிய பின், அந்த மும்பைப் பாதை உங்களை அழைத்தால் போங்கள். நல்ல உரிமையாளர்களும் இருக்கிறார்கள், சதவீதத்தில் ஓட்டி வீடு கட்டியவர்களையும் அறிவேன். அவர்கள் எல்லோருமே நிற்கும் நாளுக்குப் படி வாங்கியவர்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் ஓர் உரிமையாளரிடம் ஆறு ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இல்லை. விபத்து ஏதும் நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, “வண்டிக்கு 15 லட்சம் காப்பீடு இருக்கிறது, கவலைப்படாதே” என்று உரிமையாளர் சொன்னாராம். அது எங்களுக்கு வருமா?
– வாசகி, ஸ்ரீராமபுரம்

பதில்: சகோதரி, இதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே நல்லது, பல வீடுகளில் காலம் கடந்துதான் கேட்கிறார்கள். உரிமையாளர் சொல்லும் 15 லட்சம், தன் வண்டியைத் தானே ஓட்டும் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சம்பளத்துக்கு ஓட்டும் உங்கள் கணவருக்கு அது பொருந்தாது.

ஆனால் உங்களுக்கு எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வேலையின்போது நேரும் விபத்தில் தொழிலாளிக்கு முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டிலிருந்தே சட்டம். இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டிருக்கிறது. வண்டிக்குக் கட்டாயமாக எடுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டிலேயே சம்பள ஓட்டுநருக்கான இந்தப் பொறுப்பும் அடங்கும். ஆகவே அந்தப் பாலிசியின் நகல் ஒன்று உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். செல்பேசியில் படம் எடுத்து வைத்தாலும் போதும். அதில் சம்பள ஓட்டுநர் என்ற வரி இருக்கிறதா, பாலிசி எந்தத் தேதியில் முடிகிறது என்ற இரண்டையும் பாருங்கள்.

அதன் பிறகு வருவதுதான் சிக்கல். அவர் அந்த உரிமையாளரிடம் வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆறு ஆண்டும் பணத்தைக் கையில் வாங்கியிருந்தால், நாளை “அவர் என் ஓட்டுநரே இல்லை” என்று ஒருவர் சொல்லிவிட முடியும். அப்படிச் சொன்னதை ஒரு குடும்பத்துக்கு நேராகவே நான் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் கையில் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எனவே இனி சம்பளத்தில் ஒரு பகுதியாவது வங்கிக் கணக்குக்கு வரும்படி கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு நடையின் சீட்டையும் கிளம்பும்போதே படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். உரிமம் அந்த வகை வண்டிக்கு உரியதா, காலம் முடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்; 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் போக்குவரத்து வாகன உரிமத்தை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது தவறினால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுப்பதற்கு நாமே வழி திறந்துவிட்டவர்கள் ஆவோம்.

கர்நாடகத்தில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கென்று சமூகப் பாதுகாப்பு நல வாரியம் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்து அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள். உரிமையாளரிடம் பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. கேட்கும் உரிமையும் உண்டு; சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கிடைத்தால் ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலையில் நேரும் விபத்துக்கான தொகையும் அதன் வழியாகவே வரும்.

இன்னொன்றையும் அவரிடம் சொல்லி வையுங்கள். விபத்து நேர்ந்தால் வண்டியை விட்டு ஓடிப்போவது குற்றத்தைப் பெரிதாக்கும். அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் ஓட்டுநரின் கடமை. கூட்டம் தாக்கிவிடும் என்று அஞ்சி அங்கிருந்து விலக நேர்ந்தால், பக்கத்திலுள்ள காவல் நிலையத்துக்கு நேராகப் போகட்டும்; எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும். 2024 ஜனவரியில் நாடெங்கும் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடியது இந்த அச்சத்தினால்தான். உயிர்ச்சேதம் நேர்ந்த விபத்தைத் தெரிவிக்காமல் ஓடிப்போனால் 10 ஆண்டு வரை சிறை என்னும் புதிய குற்றவியல் சட்டப் பிரிவை உடனே நடைமுறைப்படுத்துவதில்லை என்று அப்போது அரசு உறுதி கூறியது. கடமை மட்டும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: எனக்கு 19 வயது. நேராகக் கனரக உரிமம் எடுக்கலாமா? வேலை தருகிறேன் என்கிற ஒருவர் அசல் உரிமத்தைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்கிறார்.
– வாசகர், அல்சூர்

பதில்: போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைய வேண்டும்; அதற்கு முன் இலகு வாகன உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். ஆகவே இப்போது இலகு வாகன உரிமத்தை எடுத்து, 20 வயது நிறைந்ததும் சிறிய சரக்கு வண்டியில் பழகுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை இலகு வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டதால் படிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

அசல் உரிமத்தை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள். அதை வாங்கிப் பூட்டி வைப்பவர், நீங்கள் விலக நினைக்கும் நாளுக்காகவே வாங்குகிறார். நகல் கொடுங்கள், அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதைக் காட்டுங்கள்; சாலையில் காவலருக்கே அது போதும். அதற்கு மேலும் அசலைத்தான் கேட்பார் என்றால் அந்த வண்டியில் ஏறாதீர்கள்.